டஸ்ட் சம்மதிக்கவில்லை

கட்டபெட்டுக்கு மேலே சாலையைக் காணோம்.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி
காதால் ஓட்டினார்.
என் மடியில் இரண்டு பென் டிரைவ்,
வஞ்சிர மீனைப்போல
செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க்.

வாசலிலேயே கேட்டார் மேலாளர் ஜோகி:
“கிளவுட் போடத்தானே வந்தீங்க?
அதுதான் மத்தியானமே உள்ள வந்து
உக்காந்திருக்கே.”
இதை மூன்று நாளாகச்
சேர்த்து வைத்திருப்பார் மனிதர்.
சிரித்து வைத்தேன்.
இரவுத் தேநீர் அவர் கையில் இருக்கிறது.

இலை எடைபோடும் கொட்டகைக்குப் பின்னால்
பழைய உரக்கிடங்கு. அதில் மூன்று சர்வர்கள்,
கோவையில் ஏதோ வங்கி கழித்துக்கட்டியவை.
மூடியைத் திறந்தால்
விசிறி இதழெல்லாம் தேயிலைத் தூள்.
பெயின்ட் பிரஷ் வாங்கித் தட்டினேன்.
அன்றிரவு நான் போட்ட தும்மலிலும்
நல்ல மணம்.

யூபிஎஸ் குன்னூருக்கு ரிப்பேருக்குப் போய்
ஆறு வாரம்.

பெயர் கேட்டது திரை.
சுவரில் போன வருட ஏல விலைப்பட்டியல்.
மேலிருந்து கீழாகப் படித்துத் தட்டினேன்:
பெக்கோ. ஃபேனிங்ஸ். டஸ்ட்.
லினக்ஸ் ஏறியது, மூன்றிலும், முகம் சுளிக்காமல்.
வட்டுகளைப் பாகம் பிரித்தேன்.
ஆளுக்கொரு முகவரி.
ரூட் கடவுச்சொல்லை உள்ளங்கையில் எழுதி
பிறகு கழுவினேன்.
இணையம்தான் சொட்டுச் சொட்டாக வந்தது.
குஞ்சப்பனைப் பக்கம் கம்பி அறுந்ததாம்.
யானை என்றார் ஒருவர், மண்சரிவு என்றார் இன்னொருவர்,
போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

ஒன்றரை மணிக்கு
மூன்றும் சேர்ந்து ஒன்றாவதற்கான
கடைசிக் கட்டளை.
பெக்கோ சரி.
ஃபேனிங்ஸ் சரி.
டஸ்ட் சம்மதிக்கவில்லை.
‘சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.’
இன்னுமா?
அரைமணி முன்னால்தானே என் கையால் கொடுத்தேன்.
அழித்து மறுபடி.
கேபிளை மாற்றி மறுபடி.
கேபிளைத் திட்டி மறுபடி.

வேறு ஒன்றும் தோன்றாமல்
தேதி கேட்டேன்.
2011, ஜனவரி ஒன்று என்றது.
எத்தனை முறை மின்சாரம் போனதோ
அத்தனை முறையும்
அந்தப் புத்தாண்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது,
தனியாக, இருட்டில்.
நாளைக்குக் கையெழுத்தாகப் போகும் சான்றிதழை
அது எப்படி நம்பும்?

உள்ளே சட்டைப் பித்தான் அளவு பேட்டரி,
செத்து வெளுத்திருந்தது.
கோத்தகிரியில் கடை திறக்க ஒன்பதாகும்.

வாட்டும் தளத்திலிருந்து இறங்கிவந்த சிவபாக்கியம்
கையில் சின்னத் தராசு வைத்திருந்தாள்,
ருசி பார்க்க இரண்டு இரண்டு கிராம் நிறுக்கும் தராசு.
அதன் முதுகைத் திறந்தால்
அதே பித்தான்.
“ஆறு மணிக்கு எனக்குக் கப்பு வைக்கணும்.
உங்க போனைக் கொடுங்க, அடமானம்.”
கொடுத்தேன்.

டஸ்ட்டுக்கு இன்றைய தேதியைச் சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தது.
பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே மூச்சில் விழுங்கி
சரி என்றது.
பிறகு வரிசையாக ஓடின வரிகள்,
ஒன்றையும் நான் படிக்கவில்லை.
பச்சை மட்டும் தெரிந்தது.

ஆறு மணிக்கு வந்துவிட்டாள், போனோடு.
கரண்ட் ஓடுகிறவரை
பேட்டரி இல்லாமலும் டஸ்ட்டுக்கு இன்று இன்றுதான்.
தெரியும். பாடம் தெரியும்.
இருந்தும் நகத்தால் நெம்பி எடுக்கையில்
விரல் நடுங்கியது.
“மூணு கப்பு. அரைமணியில தந்திடுறேன்.”

கூரை ஓட்டை வழியே வெளிச்சம் இறங்கியது.
ஸ்டூலில் அமர்ந்து குழல்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது ஒருமுறை சிமிட்டியது.

வாசலில் மஃப்ளரோடு ஜோகி:
“என்ன மேடம், கிளவுட் ஏறிடுச்சா?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு
தலையை ஆட்டினேன்,
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
எனக்கே தெரியாமல்.